வண்டியில் படுக்க வரும் மாப்பிள்ளைக்கு

பழவேற்காடு,
வியாழக்கிழமை.

அன்பிலும் மரியாதையிலும் ஒரு குன்றிமணியும் குறையாத மாப்பிள்ளை ரஞ்சித் அவர்களுக்கு, உங்கள் மாமனார் கோதண்டம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை காசியம்மாளும், வாசலில் படுத்திருக்கும் நாயும், ஏரியில் இருக்கிற நண்டு இறால் வகையறாவும் சுகம். அங்கே நீங்களும் என் மகள் வைஷ்ணவியும் சுகமாக இருக்கிறீர்களா என்பதுதான் இப்போது எங்கள் குப்பம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. நான் ஒருவன் கேட்டால் போதாதா, குப்பம் ஏன் கேட்கிறது என்றால், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொல்லலாம். ஆனால் போனில் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் எது சொன்னாலும் "சரிங்க மாப்ள" என்பது மட்டும்தான் வாயில் வருகிறது. போன மாதம் "மாமா, சாப்டீங்களா?" என்று கேட்டீர்கள், அதற்கும் "சரிங்க மாப்ள" என்றேன். உங்கள் அத்தை பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். எழுத்தில் நான் கொஞ்சம் தைரியசாலி. கௌஸ் மைதீன் பாயின் மகன் அஜ்மல் நாளைக்குச் சென்னைக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாயை மறந்திருக்க மாட்டீர்கள். பழவேற்காடு பஜாரில் இறால் வாங்கி ஐஸ் போட்டு லோடு ஏற்றுகிறவர், உங்கள் கல்யாணத்துக்குப் பிரியாணிப் பொறுப்பு எடுத்துக்கொண்டு, ருசி பார்க்கிறேன் என்று சொல்லியே முதல் பந்தியைத் தனியாக முடித்தவர்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் வாட்சப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பினீர்கள். என் போனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒருமுறை ஏரியில் விழுந்து எழுந்ததிலிருந்து காதில் வைத்தால் பேசாது, ஸ்பீக்கரில் போட்டால் ஊருக்கே பேசும். நான் அப்போது டீக்கடையில் இருந்தேன். மாப்பிள்ளையின் குரல் வந்திருக்கிறதே, நாலு பேர் கேட்கட்டுமே என்ற திமிரில் அங்கேயே அமுக்கித் தொலைத்தேன். "மாமா, ரெண்டாவது சனி ஞாயிறு நானும் வைஷ்ணவியும், ஃப்ரெண்ட்ஸ் விக்கியும் ராபர்ட்டும் அங்க வர்றோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மோட்டார்ஹோம் புடிச்சிருக்கோம். வீடு மாதிரி வண்டி மாமா, உள்ளயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கு. வண்டியிலயே படுத்துக்குவோம், வண்டியிலயே சமைச்சுக்குவோம், தூண்டில் போட்டு நாங்களே மீன் புடிச்சு சாப்பிட்டுக்குவோம். பட்ஜெட்ல வர்றோம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. தண்ணி ஓரமா வண்டி நிறுத்த ஒரு இடம் மட்டும் காட்டுங்க, போதும்." நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் என் போன் ஸ்பீக்கரில் சிரிப்பும் இருமலும் ஒரே மாதிரிதான் கேட்கும். வாய்ஸ் முடிந்தபோது கடை மாஸ்டர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

முதலில் வாயைத் திறந்தவர் எங்கள் ஊர்த் தலைவர் பூபதி. உங்கள் கல்யாணப் பந்தியில் நீங்கள் இலையை மூடிய பிறகும் திறந்து சோறு போட்டாரே, அதே பூபதிதான்.

"இன்னா கோதண்டம், மாப்ள ஊருக்கு வந்து உன் வூட்ல படுக்க மாட்டாராமே? இன்னா கொறை வெச்ச அவருக்கு?"

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்லபா. ஆசையா வர்றாரு."

"ஆசையா வர்றவரு அடுப்பத் தூக்கிகினு வருவாரா? மாமியா கையால சோறு வாணாம்னு இதவிட எப்பிடிச் சொல்றது?"

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அது உங்கள் குற்றமும் இல்லை. உங்கள் தாத்தா காசிமேட்டுக்குப் போனார், உங்கள் அப்பா துறைமுகத்து ஆபீஸுக்குப் போனார், நீங்கள் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டீர்கள். நம் ஜனம்தான் என்றாலும் நீங்கள் வலையைத் தொட்டது கல்யாண போட்டோவுக்காக மட்டும்தான், அதிலும் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், ஆல்பத்தில் இருக்கிறது. இங்கே ஒரு மாப்பிள்ளை மாமனார் ஊருக்கு வந்துவிட்டு மாமனார் கூரைக்கு வெளியே படுத்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட்டால் பெருங்கோபம். அதற்கு மேல் கக்கூஸையும் கையோடு கொண்டுவந்த மாப்பிள்ளை இந்த ஏரிக்கரையில் இதுவரை யாரும் இல்லை, அதனால் அது எவ்வளவு பெரிய கோபம் என்று யாருக்கும் அளவு தெரியவில்லை.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. உங்கள் அத்தை அடுப்படியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு அப்பவே தெரியும். எறா தொக்கு ரெண்டாவது வாட்டி வெக்கப் போனப்போ கைய நீட்டி மறைச்சாரு பாரு, அது வவுறு ரொம்பி மறைச்ச கை இல்ல" என்றாள். பிறகு துக்கம் கோபமாகி என் பக்கம் திரும்பியது. தலை தீபாவளிக்கு நீங்கள் படுத்த அறையில் ஃபேன் கடகடவென்று கத்தியதாம், அதைச் சரிபண்ணச் சொல்லி அவள் தொண்டை வற்றியதாம், நான் செவிடன் மாதிரி இருந்தேனாம், இப்போது மாப்பிள்ளை ஃபேனுக்குப் பயந்து வண்டியோடு வருகிறாராம். சரி, இதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஃபேனைச் சரிபண்ணத்தான் ஏறினேன், ஃபேனோடு இறங்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இடுப்பு மட்டும் ஒரு பக்கம் பார்க்கிறது. ஃபேன் இப்போது சத்தமே போடுவதில்லை.

கோபம் என்ற வதந்தியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, மாப்பிள்ளை. கோபத்துக்கு ஒரு தட்டு வெற்றிலை பாக்கும் ஒரு ஜோடி வேட்டியும் மருந்து. மறுநாள் காலையில் அந்த வதந்தி வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்தது. வலை உலர்த்துகிற இடத்தில் பூபதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் பத்துப் பேருக்கு நடுவில்.

"கோதண்டம், நல்லா ரோசனை பண்ணிட்டேன். அவரு கோவத்துல வர்ல."

"அப்பாடா."

"இன்னா அப்பாடா? வேலை பூட்ச்சு."

"யாருக்கு?"

"உன் மாப்ளைக்குத்தான். கம்ப்யூட்டர் கம்பெனில ஆளுங்களத் தூக்கறாங்கன்னு டெய்லி டிவில காட்றான். வேலை பூட்ச்சுன்னா வாடகை எப்பிடிக் கட்றது? வூட்டக் காலி பண்ணிட்டு, வேலை போன ஃப்ரெண்டுங்கல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வண்டி புடிச்சிகினு, அதுலயே குடும்பம் நடத்திகினு கீறாங்க. 'பட்ஜெட்டு'ன்னாரே, காதுல உழுந்துச்சா இல்லியா? எல்லாத்துக்கும் மேல, தூண்டிலு!"

தூண்டில் என்றதும் சுற்றி நின்ற அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்கள். இதையும் உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். எங்கள் குப்பத்தில் தூண்டில் போடுகிறவர்கள் பள்ளிக்கூடத்தை மட்டம் போட்ட பொடிசுகள். அவர்களை விட்டால், வலை போய், படகு போய், அன்றைய குழம்புக்கே வழியில்லாமல் போனவர்கள். மீசை வைத்த ஆம்பிளை ஒருத்தன் கரையில் குந்தித் தூண்டில் போட்டால் யாரும் அவனிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவனுக்கு வெட்கம். பேசாமல் அன்றைக்கே அவன் வீட்டுக்கு ஒரு படி அரிசி போய்விடும். அதுதான் இங்கே மரியாதை.

நான் நம்பவில்லை, மாப்பிள்ளை. கற்பூரம் அடித்துச் சொல்கிறேன், நம்பவில்லை. போனைப் போட்டு வைஷ்ணவியிடமே கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன். நேராக எப்படிக் கேட்பது? "இன்னாம்மா, எல்லாம் நல்லா போவுதா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நைனா, இங்க சத்தமாப் பேச முடியாது. எல்லாம் நல்லாத்தான் கீது. சாமானெல்லாம் வித்துட்டோம், செலவெல்லாம் கொறைச்சிட்டோம். இனிமே இப்பிடித்தான் இருக்கப் போறோம். நேர்ல வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். சாமானை விற்றுவிட்டார்களாம், மாப்பிள்ளை! நான் சீராகக் கொடுத்த பீரோ கண் முன்னால் வந்து நின்றது. உங்கள் அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்ததால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் ஒரு வண்டிக்குள் கக்கூஸுக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்துக்கொண்டு ரசம் வைக்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கையில் இல்லை. பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டுக்கு அரிசி வந்துவிட்டது. ஒருத்தி இரண்டாவதாக வாங்கிவைத்திருந்த குக்கரைக் கொண்டுவந்தாள், ஒருத்தி கொசுவலை, ஒருத்தி நெத்திலிக் கருவாடு ஒரு கூடை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, "சும்மா இருந்துச்சுக்கா" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கௌஸ் மைதீன் பாய் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவந்தார். "அடப் பாவி கோதண்டம், இத்தினி நாளா எங்கிட்ட சொல்லலியே! நம்ம கைல வளந்த புள்ளய்யா வைஷ்ணவி. மாப்ளைக்கு எங்கடைல கம்ப்யூட்டர்ல பில்லு போடற வேலை கீது. இது வரைக்கும் கம்ப்யூட்டர் இல்ல, நாளைக்கே வாங்கிர்றேன். கூட வர்ற ரெண்டு பேருக்கும் ஐஸ் ஒடைக்கற வேலை. இன்ஷா அல்லா எல்லாம் சரியாப் பூடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அனுப்பம்பட்டிலிருந்து உங்கள் அத்தையின் தங்கை போன் செய்து, அவள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, ஸ்டேஷன் பக்கம்தான், மாப்பிள்ளை சென்னைக்கு வேலை தேடிப் போய்வர வசதி என்கிறாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பசியாவரத்திலிருந்து வந்த சேதியாம். பசியாவரம் ஏரிக்குள்ளே இருக்கிற தீவு. எங்கள் டீக்கடைப் பேச்சு தண்ணீரைத் தாண்டித் தீவுக்குப் போய், அங்கிருந்து திரும்பித் தண்ணீரைத் தாண்டி அனுப்பம்பட்டுக்குப் போயிருக்கிறது.

நேற்றைக்குச் சாயங்காலம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். முதல் பிரச்சினை உங்கள் வண்டி. வேலை போன மாப்பிள்ளை ஏரிக்கரையில் தனியாகக் கிடந்தால் ஊருக்குத்தான் அவமானம், ஆகவே வண்டி கோதண்டம் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், வண்டிக் கதவும் வீட்டுக் கதவும் எதிரெதிரே இருந்தால் காலை எடுத்து வைத்ததும் மாமனார் வீடு என்று முடிவாயிற்று. அப்போது ஒருவர் எழுந்து, அந்த வண்டிக் கக்கூஸை எங்கே காலி பண்ணுவார்கள் என்று கேட்டார். ஏரிக்குள் விட்டால் என்ன ஆவது, இது நாம் சோறு தின்கிற தட்டாயிற்றே என்றார். நியாயமான கேள்வி. அதைப் பற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாப்பிள்ளை, உங்களுடைய மிக அந்தரங்கமான விஷயம் ஒன்றைப் பற்றி எங்கள் ஊரே கூடி, கைதூக்கித் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் என்னவென்றால், நீங்கள் எங்கள் வீட்டுக் கக்கூஸைத்தான் உபயோகிக்க வேண்டும். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அடுத்தது வண்டி நம் தெருவுக்குள் நுழையுமா என்பது. எனக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்றாலும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று இன்று காலையில் பாயின் ஐஸ் லாரியைக் கொண்டுவந்தோம். டீக்கடை வரைக்கும் ராஜா மாதிரி வந்தது. டீக்கடைத் திருப்பத்தில் முன்பக்கத் தகரக் கொட்டகை லாரியோடு கிளம்பிவிட்டது. மாஸ்டர் கத்தியதும் டிரைவர் பின்னால் எடுத்தார், பின்னால் தெருக்குழாய் இருந்தது. தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. அதிலிருந்து தப்ப டிரைவர் வண்டியை ஒடித்ததில் நம் வீட்டு வேலியும் முருங்கை மரமும் போய், லாரி சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிக்கொண்டது. பிறகென்ன, குப்பத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் கயிறு கட்டி, கரைக்குப் படகு ஏற்றுகிற மாதிரி ஐலசா போட்டு இழுத்தோம். பூபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மாப்ளைக்காக இன்னொரு இழுப்பு!" என்று கத்தினார். கயிறு அறுந்து நாங்கள் எல்லாரும் சேற்றில் மல்லாக்க விழுந்தபோதுகூட ஒருத்தன் முகம் சுளிக்கவில்லை. ஆகவே, மாப்பிள்ளை, வண்டி வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை எங்கேயாவது விட்டுவிட்டுப் பொன்னேரிக்கு ரயிலில் வாருங்கள், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். கூட்டத்தின் கடைசியில் பூபதி எழுந்தார். ஏரியில் எங்களுக்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் நல்லபடியாக விழுகிற தளங்கள் கொஞ்சம்தான், அவற்றில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முறை வைத்துக்கொள்வோம். முறை இல்லாதவன் அந்தத் தளத்தில் ஒரு கம்புகூட ஊன்ற முடியாது. ஊரில் கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துகிற ஆம்பிளைக்கு மட்டும்தான் இந்தப் பாடு முறையில் இடம், வெளியூர் மாப்பிள்ளைக்குக் கிடையாது. இந்தக் குப்பத்தில் இதுவரை ஒரு மாப்பிள்ளைக்கும் கொடுத்ததில்லை. பூபதி சொன்னார், "பில்லு போடற வேலை, ஐஸு ஒடைக்கற வேலையெல்லாம் சரிபா. ஆனா நம்ம பொண்ணு புருஷன் நம்ம ஏரில கூலியா நிக்கக் கூடாது. பங்கா நிக்கணும். அவருக்கு ஒரு பாடு குடுப்போம்." யாரோ ஒருவர், அவருக்கு நீச்சலே தெரியாதாமே என்றார். "தண்ணி இடுப்பளவுதானேய்யா, நிக்கத் தெரியுமில்ல?" என்றார் பூபதி. கை தூக்கினார்கள். எல்லாக் கையும் மேலே போயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன், மாப்பிள்ளை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பார்த்தால் பூபதி சாகும்வரை கலாய்ப்பார்.

உடனே சீட்டும் போட்டார்கள். உங்களுக்கு விழுந்தது முகத்துவாரத்துப் பக்கத்துத் தளம், எங்களிலேயே பலபேருக்கு வருஷக் கணக்காக விழாத தளம். நாளும் நீங்கள் வருகிற அதே சனிக்கிழமைதான். கால் சேற்றில் இறங்கும், நண்டு கவ்வும், சொறி மீன் பட்டால் அரிக்கும், மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை. வலை என்னுடையது, கம்பு ஊன்ற நானும் பூபதியும் இருக்கிறோம். நீங்கள் சும்மா நின்றால் போதும். ஆனால் நின்றே ஆக வேண்டும். சீட்டில் விழுந்த பாட்டுக்கு ஆள் வராமல் போவது ஊரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

மாப்பிள்ளை, கடைசியாக ஒன்று. இதைப் போனில் என்னால் சொல்லியிருக்கவே முடியாது. வேலை போனதை மறைக்காதீர்கள். அதில் என்ன வெட்கம்? என் வாழ்க்கையில் வாடை அடித்த மாதங்களில் வலை காலியாக வந்த நாட்கள் எத்தனையோ, காற்று கச்சானுக்குத் திரும்பியதும் எல்லாம் சரியாகவில்லையா? என் மகள் உங்களைக் கட்டியது உங்கள் சம்பளத்தைப் பார்த்து இல்லை, நான் கொடுத்ததும் அதைப் பார்த்து இல்லை. சரி, கொஞ்சம் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் இப்போது நீங்கள் எனக்கு மகன். வண்டியில் படுக்க வேண்டாம், தூண்டில் வேண்டாம், தலையைக் குனிய வேண்டாம். நிமிர்ந்து நடந்து உங்கள் வீட்டுக்குள் வாருங்கள். இருக்கிற கஞ்சியைப் பங்கு போட்டுக் குடிப்போம். அந்தக் கஞ்சியில் இறால் கண்டிப்பாக இருக்கும்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம், அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்றால் என் நமஸ்காரத்தை மட்டும் சொல்லுங்கள். விக்கிக்கும் ராபர்ட்டுக்கும் எங்கள் ஆறுதல். நீங்களும் என் மகளும் ஏரி நிறைய இறால் மாதிரி குறைவில்லாமல் வாழ எல்லையம்மன் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
கோதண்டம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு எச்சில் தொட்ட நேரத்தில் வைஷ்ணவியிடமிருந்து போன். உங்களுக்கு வேலை போகவில்லையாம்! பதவி உயர்ந்திருக்கிறதாம்! சாமானெல்லாம் விற்றது வேறு வீடு மாறுவதற்காம், இப்போதெல்லாம் படித்தவர்கள் வீட்டைக் காலியாக வைத்துக்கொள்வதுதான் பெருமையாம். மேலே வந்த சந்தோஷத்தைக் கொண்டாடத்தான் இந்த வண்டிப் பயணமாம். மீட்டிங்கில் இருந்ததால்தான் மெதுவாகப் பேசினாளாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் இடுப்பை மறந்து குதித்தேன், அது இப்போது இரண்டு பக்கமும் பார்க்கிறது.

ஆனால் உங்கள் அத்தை சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "ஊருக்கு இன்னா பதில் சொல்றது?" கொட்டகை போன மாஸ்டர், கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்ட பாய், கை தூக்கிய பூபதி, இவர்கள் முகத்தை எல்லாம் எப்படிப் பார்ப்பது? யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் இருக்கிறது. மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியிலேயே வாருங்கள், இருப்பதில் பழையதாகப் பார்த்து எடுங்கள், கழுவ வேண்டாம். டீக்கடைத் திருப்பத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். நிமிர்ந்து நடக்க வேண்டாம், கொஞ்சம் தலையைக் குனிந்தே வாருங்கள். தூண்டிலை மறக்காமல் கொண்டுவந்து நாலு பேர் பார்க்கிற இடத்தில் குந்திப் போடுங்கள். யாராவது அரிசி கொடுத்தால் டயட்டில் இருக்கிறோம் என்று சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். விக்கியும் ராபர்ட்டும் தாடி விட்டிருந்தால் எடுக்க வேண்டாம். சனிக்கிழமை உங்கள் பாடு முறைக்கு வந்து நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து போன் வந்த மாதிரி எழுந்து, வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று சத்தமாகச் சொல்லுங்கள். தங்கள் புண்ணியத்தால்தான் கிடைத்தது என்று குப்பமே வேட்டு வெடிக்கும், அவர்கள் வெடிக்கட்டும், அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு பயம்தான். நீங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்போது வைஷ்ணவியை என் கண்ணில் படாமல் வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள். அவள் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன்.